பேட்டரி ஆலையில் ஈய நஞ்சிலிருந்து தொழிலாளரைக் காப்பது: முழுமையான வழிகாட்டி

ஈய-அமில பேட்டரியை 1859இல் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். அதன் அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. தட்டுக்குச் சட்டமாக இருப்பது ஈயம், அதன்மேல் பூசப்படும் பேஸ்ட் ஈய ஆக்ஸைடு, தட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பட்டையும் மேலே தெரியும் முனைகளும் ஈயம். ஆகவே இந்த ஆலைகளில் ஈயத்தை விலக்கிவிட்டு வேலை செய்ய முடியாது. அது தொழிலாளியின் மூச்சிலும் வாயிலும் போய்ச் சேராதபடி தடுப்பதுதான் செய்யக்கூடிய காரியம்.

ஒரு தொழிலாளியின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதாக அறிக்கை வந்தால், பல ஆலைகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இவர் ஒழுங்காகக் கை கழுவினாரா, முகக்கவசம் போட்டாரா" என்பதாகவே இருக்கிறது. இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்விக்குக் கடைசி இடம்தான். இரத்த அறிக்கையில் வரும் எண் அவர் நின்று வேலை செய்த இடத்தைப் பற்றிய சான்று. அங்கே காற்று எப்படி இழுக்கப்படுகிறது, தரை எப்படிச் சுத்தம் செய்யப்படுகிறது என்பதை அது சொல்கிறது. தொழிலாளர், மேற்பார்வையாளர், பாதுகாப்பு அலுவலர், தொழிற்சங்கப் பிரதிநிதி ஆகிய எவர் கையில் இது கிடைத்தாலும், கீழே உள்ள படிகளை அதே வரிசையில் எடுத்துக்கொள்வது நல்லது.

முதல் படி: தூசி பிறக்கும் இடங்களைக் குறியுங்கள்

ஆலையின் தரைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மூல ஈயம் உள்ளே வருவதிலிருந்து பேட்டரி வெளியே போவதுவரை ஒவ்வொரு இடமாக நடந்து பாருங்கள். முதலில் வருவது ஆக்ஸைடு தயாரிக்கும் பிரிவு. ஈயத்தை உருக்கிக் காற்றோடு கிளறியோ, ஈயத் துண்டுகளை உருளையில் போட்டு ஒன்றோடொன்று உரசவிட்டோ மிக நுண்ணிய தூள் ஆக்குகிறார்கள். இயந்திரம் மூடியபடி ஓடும்போது இங்கே தூசி குறைவாக இருக்கலாம். ஆனால் மூடியைத் திறந்து அடைப்பு எடுக்கும் பத்து நிமிடத்தில், ஒரு முழு ஷிஃப்டில் சேர வேண்டிய தூசி மூச்சில் சேர்ந்துவிடக்கூடும். அடுத்தது பேஸ்ட் கலக்கும் பிரிவு. ஆக்ஸைடைத் தொட்டியில் கொட்டும் வேளையில்தான் இங்கே அபாயம். தண்ணீரும் அமிலமும் சேர்ந்து பேஸ்ட் ஆனபின் அது பறப்பதில்லை. ஆனால் அந்த ஈரம் நெடுநேரம் நிற்காது. இயந்திரத்தின் ஓரத்திலும் கன்வேயரின் அடியிலும் சிந்திய பேஸ்ட் அடுத்த ஷிஃப்டுக்குள் காய்ந்து, காலில் மிதிபட்டுப் பொடியாகி எழும்புகிறது.

அதிகம் கவனிக்க வேண்டியவை காய்ந்த தட்டுகளைக் கையாளும் இடங்கள். ஒட்டியிருக்கும் தட்டுகளைப் பிரிப்பது, விளிம்பையும், மேலே நீண்டிருக்கும் 'காது' எனப்படும் இணைப்பு முனையையும் பிரஷால் தேய்ப்பது, எண்ணி அடுக்குவது, உறைபோட்டுச் செருகுவது ஆகிய அனைத்தும் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் நடக்கின்றன. அடுக்கை மேசைமேல் வைத்து விளிம்பைச் சமப்படுத்த இரண்டு தட்டுத் தட்டும்போது, விளக்கின் வெளிச்சத்தில் மெல்லிய சாம்பல் நிறப் படலம் ஒன்று எழுந்து அடங்குவதைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரிவது அதன் பருமனான பகுதிதான். நுரையீரலின் ஆழம்வரை போகும் துகள்கள் கண்ணுக்குத் தெரியா.

தட்டின் சட்டமான கிரிட்டை வார்ப்பதிலும், பட்டை வார்த்து இணைப்பதிலும் தூசியோடு புகையும் சேர்கிறது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ஏறத்தாழ 500 டிகிரியைத் தாண்டினால் அதிலிருந்து எழும் ஆவி கணிசமாகக் கூடுகிறது. உருக்குப் பாத்திரத்தின் வெப்பநிலையைத் தேவைக்குமேல் ஏற்றி வைப்பது எரிபொருளை மட்டும் வீணாக்குவதில்லை. மேலே படியும் கசடை வழித்தெடுத்துத் திறந்த தகரத்தில் கொட்டுவதும் தூசிக்கு ஒரு பெரிய காரணம். சார்ஜ் ஏற்றும் பிரிவில் ஈயம் ஒப்பீட்டளவில் குறைவு. அங்கே கந்தக அமில மூடுபனியே முதன்மையான தொல்லை.

தரைப்படத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது பராமரிப்புப் பணி. தூசி வடிகட்டும் பைகளை மாற்றுபவர், குழாய்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்பவர், பழுதான தட்டுகளைக் கழிவுக் கிடங்கில் வாரிப்போடுபவர், தரை பெருக்குபவர் ஆகியோர் பலசமயம் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருப்பதால், ஆலையின் இரத்தப் பரிசோதனைப் பட்டியலிலேயே அவர்கள் பெயர் இருப்பதில்லை. அவர்களை முதலில் சேர்த்துவிட்டு மற்றவர்களுக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: ஈயம் உடலுக்குள் செல்லும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேட்டரி ஆலையில் புழங்கும் கனிம ஈயம் தோல் வழியாக உடலில் சேர்வது மிகச் சொற்பம். மூச்சும் வாயும்தான் வாசல்கள். மூச்சில் போய் நுரையீரலின் ஆழத்தில் தங்கும் நுண்துகளிலிருந்து பெரும்பகுதி இரத்தத்தில் கலக்கிறது. வாய்வழி போவதில் பெரியவர்களின் குடல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உறிஞ்சுகிறது. வெறும் வயிற்றில் இது பல மடங்காகக் கூடும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் மேலும் அதிகமாக உறிஞ்சும்.

கைகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்பதை ஒரு கணக்கு விளக்கும். மிதமான வேலை செய்பவர் எட்டு மணி நேரத்தில் சுமார் 10 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். காற்றில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் ஒரு ஷிஃப்டில் அவர் இழுப்பது 500 மைக்ரோகிராம். விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் ஒரு மில்லிகிராம் ஈயம் என்பது 1000 மைக்ரோகிராம். குடல் உறிஞ்சும் பங்கு குறைவுதான் என்றாலும், அந்தக் கையோடு சாப்பிடுவதும் சிகரெட்டை விரலில் பிடித்து உதட்டில் வைப்பதும், காற்றைச் சீர்செய்து கிடைத்த பலனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இரத்தத்துக்கு வந்த ஈயத்தில் சுமார் 99 விழுக்காடு சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்திலுள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். மீதி எலும்பில் போய்ப் படிகிறது. பெரியவர்களின் உடலில் உள்ள மொத்த ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது, அது பாதியாகப் பத்து ஆண்டு முதல் முப்பது ஆண்டுவரை ஆகலாம். பல ஆண்டு வேலை செய்தவர் விடுப்பில் போனால், இரத்த எண் முதலில் வேகமாக இறங்கிப் பிறகு ஓரிடத்தில் நின்றுகொள்வது இதனால்தான். எலும்பிலிருந்து அது மெல்ல இரத்தத்துக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாம் படி: காற்றை அளந்து பாருங்கள்

அறையின் நடுவில் ஒரு கருவியை வைத்து எடுக்கும் அளவு இதற்குப் பெரிதாக உதவாது. தொழிலாளியின் சட்டைக் கழுத்தருகே, அவர் மூச்சு விடும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வடிதாள் பெட்டியைப் பொருத்தி, இடுப்பில் கட்டிய சிறு பம்ப் மூலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் வீதம் முழு ஷிஃப்டும் காற்றை இழுக்க வேண்டும். வடிதாளில் சேர்ந்த ஈயத்தை ஆய்வகம் அளந்து சொல்லும். வேலை குறைவாக நடக்கும் நாளையோ, மேலதிகாரிகள் வருவதற்காகக் காலையிலேயே கழுவிவிட்ட நாளையோ தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் எண் யாருக்கும் பயன்படாது. உற்பத்தி உச்சத்தில் இருக்கும் நாளிலும், இரவு ஷிஃப்டிலும், பராமரிப்பு நடக்கும் நாளிலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

வரும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கூட்டரசின் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான ஓஷா 1978இல் விதித்த எல்லை, எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம்; 30ஐ எட்டினாலே பரிசோதனை முதலிய கடமைகள் தொடங்கும். அதே நாட்டின் கலிஃபோர்னியா மாநிலம் 2025 முதல் அந்த எல்லையை 10 ஆகவும், கடமை தொடங்கும் அளவை 2 ஆகவும் குறைத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் பழைய எல்லையான 150 மைக்ரோகிராமை 30 ஆகக் குறைத்தது. எல்லைகள் எங்கும் ஒரே திசையில், கீழ்நோக்கித்தான் நகர்ந்திருக்கின்றன. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டம் இன்னும் பழைய எண்ணில் நின்றிருந்தால், அதற்கு உட்பட்டிருக்கிறோம் என்பதை மட்டும் வைத்துத் தொழிலாளர் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று முடிவுகட்ட முடியாது.

ஷிஃப்ட் எட்டு மணிக்கு மேல் நீண்டால் எல்லையும் இறங்க வேண்டும். ஓஷாவின் முறைப்படி 400ஐ வேலை செய்த மணிகளால் வகுத்தால் அந்த நாளுக்கான எல்லை கிடைக்கும். பத்து மணி நேர வேலைக்கு 40, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு 33. மிகைநேர வேலை வழக்கமாகிவிட்ட ஆலைகளில் இந்தக் கணக்கு அநேகமாகப் போடப்படுவதே இல்லை.

நான்காம் படி: பிறக்கும் இடத்திலேயே தூசியைப் பிடியுங்கள்

எல்லாப் படிகளிலும் பணமும் முயற்சியும் அதிகம் கேட்பது இதுதான், பலன் தருவதும் இதுதான். கையால் செய்யும் வேலையை இயந்திரத்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். ஆக்ஸைடை மூட்டையிலிருந்து கொட்டுவதற்குப் பதிலாக மூடிய குழாய் வழியே தொட்டிக்குச் செலுத்தலாம். தட்டு அடுக்குவதைத் தானியங்கி இயந்திரத்துக்கு மாற்றி, அந்த இயந்திரத்தையே மூடிய அறைக்குள் வைக்கலாம். இவை முடியாத இடங்களில் உறிஞ்சு காற்றோட்டம் வேண்டும்.

உறிஞ்சியில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் தூரம். வட்டக் குழாயின் வாயிலிருந்து, அந்த வாயின் விட்டத்துக்குச் சமமான தூரம் விலகினால், இழுவேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று உறிஞ்சியின் வாயில் பொருத்திய கூண்டை ஓர் அடி மேலே தூக்கிக் கட்டினால், விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தாலும் தூசி தொழிலாளியின் முகத்துக்கே போகும். மேலும், தலைக்கு மேலே தொங்கும் கூண்டு தூசியை அவர் மூச்சைக் கடந்துதான் மேலே இழுக்கும். தட்டு அடுக்கும் மேசைக்குக் கீழ்நோக்கி இழுக்கும் சல்லடைப் பலகையோ, எதிர்ப்புறத்திலிருந்து இழுக்கும் நீளமான பிளவுவாயோ பொருத்துவதே சரி.

தூசி எழும் புள்ளியில் காற்று நொடிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர்வரை உறிஞ்சியை நோக்கி நகர வேண்டும். குழாய்க்குள் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஈயத்தூசி கனமானது, வேகம் குறைந்தால் குழாயின் வளைவுகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. காற்று போகும் திசையைக் காட்டப் புகை விடும் சிறு குழல் (புகைக்குழல்) ஒன்றை உடைத்துத் தூசி எழும் இடத்தில் பிடித்தால், புகை நேராக உறிஞ்சிக்குள் போகிறதா, தயங்கிச் சுழல்கிறதா, தொழிலாளியின் தோள்பக்கம் திரும்புகிறதா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைத் தொழிலாளர் முன்னிலையில் செய்யுங்கள். அதன்பிறகு கூண்டை யாரும் தூக்கிக் கட்டமாட்டார்கள்.

வெக்கை தாங்காமல் வைக்கும் நிற்கும் மின்விசிறிகள்தான் இதற்குப் பெரிய எதிரி. நல்ல உறிஞ்சியின் பக்கத்தில் ஒரு விசிறியைத் திருப்பி வைத்தால், அது உறிஞ்சியின் இழுப்பை வென்று, மேசைத் தூசியை அடுத்த வரிசைக்கும் கொண்டுபோகும். ஆனால் விசிறியை எடுத்துவிடுங்கள் என்று உத்தரவிட்டுப் போவது நியாயமில்லை. உருக்குப் பாத்திரத்தின் அருகே நிற்பவருக்குக் குளிர்ச்சி வேண்டும். வடிகட்டிய புதுக்காற்றை மேலிருந்து மெதுவாக இறக்குவது இரண்டுக்கும் தீர்வு.

பைவடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானியை ஒவ்வொரு ஷிஃப்டும் குறித்து வையுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் பை அடைத்திருக்கிறது. திடீரென்று விழுந்தால் பை கிழிந்திருக்கலாம். உறிஞ்சிய காற்றை மீண்டும் வேலைக்கூடத்துக்குள் விடக்கூடாது.

ஐந்தாம் படி: தரையைச் சரியாகச் சுத்தம் செய்யுங்கள்

உலர்ந்த துடைப்பம், காற்றழுத்தக் குழல் இரண்டையும் ஈயப் பிரிவிலிருந்து முற்றிலும் நீக்கிவிடுங்கள். காற்றுக் குழலால் மேசையையோ உடையையோ ஊதும் வழக்கம் பல இடங்களில் ஊறிப்போனது. படிந்த தூசியை அது மூச்சு மட்டத்துக்கு எழுப்பிவிடுகிறது. நுண்துகள் வடிகட்டி பொருத்திய வாக்குவம் கருவியால் உறிஞ்சி, பிறகு ஈரத்தால் துடைக்க வேண்டும். சாதாரண வாக்குவம் நுண்தூசியைப் பின்பக்கம் வழியாக வெளியே தள்ளிவிடும். சிந்திய பேஸ்டை ஈரம் காயும் முன், அதே ஷிஃப்டில், சிந்தியவுடனே எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உத்திரங்கள், குழாய்களின் மேற்புறம், விளக்குக் கூடுகள் ஆகியவற்றையும் அட்டவணை போட்டுத் துடையுங்கள்.

ஆறாம் படி: முகக்கவசம்

கைக்குட்டை, துணிக்கவசம், அறுவைச் சிகிச்சைக்குப் போடும் மெல்லிய கவசம் ஆகியவை ஈயத்தூசிக்கு ஏற்றவையல்ல. பி100 என்ற வகை நுண்துகள் வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் சரியாகப் பொருந்தினால், உள்ளே போகும் தூசியைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பொருத்தம் சோதிக்கப்பட்ட முழுமுகக் கவசத்துக்கு அது ஐம்பதில் ஒன்று. இந்தக் கணக்கெல்லாம் கவசத்தின் விளிம்பு தோலோடு ஒட்டி நிற்கும்வரைதான். தாடி இருந்தால் ஒட்டாது. தாடி வைத்திருப்பவருக்கு மோட்டாரால் வடிகட்டிய காற்று செலுத்தும் தளர்வான தலைக்கவசம் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவர் முகத்துக்கேற்ற அளவைப் பொருத்திச் சோதிக்காமல், ஒரே அளவுப் பெட்டியை வாங்கி எல்லோருக்கும் விநியோகிப்பது கணக்குக்காட்டும் வேலைதான்.

எட்டு மணி நேரமும் வெப்பத்தில் கவசத்தைக் கழற்றாமல் ஒருவர் இருப்பார் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். கவசம் பராமரிப்பு போன்ற குறுகிய வேலைகளுக்கும், உறிஞ்சி பொருத்தும்வரையிலான இடைக்காலத்துக்கும் உரியது.

ஏழாம் படி: உள்ளே வருவதும் வெளியே போவதும்

உடைமாற்றும் இடம் இரண்டு அறைகளாக இருக்க வேண்டும், நடுவில் குளியலறை. ஒருபுறம் வீட்டு உடை, மறுபுறம் வேலை உடை, இரண்டுக்கும் தனித்தனி அலமாரி. ஷிஃப்ட் முடிந்ததும் வேலை உடையை அழுக்குப் பக்கத்தில் களைந்து, மூடியுள்ள தொட்டியில் போட்டு, தலைமுடி உட்படக் குளித்து, மறுபக்கம் வழியாக வெளியேற வேண்டும். வேலை உடையை ஆலையே துவைக்க வேண்டும். அதை உதறக்கூடாது, வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடாது. காலணியும் ஆலையிலேயே தங்க வேண்டும். குளிக்கும் நேரத்தைச் சம்பள நேரத்துக்குள் சேர்க்காத ஆலையில் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர் குளிக்காமல் போவார். அவரைக் கண்டிப்பதைவிடக் கால் மணி நேரத்தை ஷிஃப்டுக்குள் கொடுப்பது மலிவு.

சாதாரண சோப்பு ஈயத்தை முழுதாக எடுப்பதில்லை. கனஉலோகத்தை நீக்கவென்றே தயாரிக்கும் சோப்பும் நகத்துக்கு மென்மையான பிரஷும் வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஈயம் பட்டால் நிறம் மாறும் துடைதாளை, கழுவிய கையில் மாதம் ஒருமுறையாவது தேய்த்துக் காட்டுவது எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் பயனுள்ளது. உணவறை ஈயப் பிரிவுக்கு வெளியே, வடிகட்டிய காற்றோடு இருக்க வேண்டும். மேலுடையைக் கழற்றிவிட்டு, கையும் முகமும் கழுவிய பிறகே அதற்குள் நுழைய வேண்டும். புகைத்தல், புகையிலை, மெல்லும் பொருள்கள், உதட்டுப் பூச்சு எதுவும் பிரிவுக்குள் கூடாது.

கைப்பேசியை மறந்துவிடுகிறார்கள். தூசிக் கையால் நாள் முழுதும் தொட்ட அதே பேசியை, குளித்து உடை மாற்றியபின் கன்னத்தில் வைத்துப் பேசி, இரவில் குழந்தையின் கையில் கொடுக்கிறோம். அது வீட்டு உடை அலமாரியிலேயே இருக்கட்டும்.

எட்டாம் படி: இரத்தப் பரிசோதனை

வேலையில் சேரும் நாளுக்கு முன்பே முதல் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். பின்னால் வரும் எண்களை ஒப்பிட அதுவே அடிப்படை. புதிதாகச் சேர்ந்தவருக்கும், பிரிவு மாறியவருக்கும் முதல் சில மாதங்கள் மாதம் ஒருமுறை எடுப்பது விவேகம். ஓஷா விதியில் பொது இடைவெளி ஆறு மாதம், இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு (லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு) 40 மைக்ரோகிராமை எட்டியவருக்கு இரண்டு மாதம். இன்றைய அறிவுக்கு இந்த இடைவெளி மிக நீளம் என்பதே என் கருத்து. தூசிப் பிரிவில் எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும்.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் தோலில் ஒட்டிய ஈயம் கலந்து எண்ணை உயர்த்திக் காட்டும். குளித்து உடை மாற்றியபின், ஈயப் பிரிவுக்கு வெளியே உள்ள அறையில், கையை நன்றாகக் கழுவித் துடைத்து, ஈயக் கலப்பில்லை என்று சான்றளித்த குழாயில் கையின் இரத்த நாளத்திலிருந்து எடுக்க வேண்டும். அறிக்கையில் அலகைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பதும் லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே. சில ஆய்வகங்கள் அதையே லிட்டருக்கு 1.45 மைக்ரோமோல் என்று எழுதும். இரத்த எண்ணோடு ஹீமோகுளோபின், சிங்க் புரோட்டோபோர்ஃபிரின், இரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றையும் பார்ப்பது நல்லது. இரத்த ஈயம் கடந்த சில வாரங்களைச் சொல்லும். சிங்க் புரோட்டோபோர்ஃபிரின் கடந்த மூன்று நான்கு மாதங்களில் இரத்த உற்பத்தி எவ்வளவு தடைபட்டது என்பதைச் சொல்லும்.

எண்ணை எப்படி வாசிப்பது? ஈயத்துக்குப் பாதுகாப்பான இரத்த அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டிய எவருக்கும் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2012இல் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்களில் 10க்குக் கீழேயே இரத்த அழுத்தம் உயர்வதற்கும், 5க்குக் கீழேயே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைவதற்கும் தொடர்பு இருப்பதைப் பதிவு செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் தொழிலாளருக்கு விதித்திருந்த 70 என்ற எல்லையை 2024இல் 15 ஆக மாற்றியது. 2028 இறுதிவரை இடைக்கால எல்லையாக 30 இருக்கும்.

நடைமுறைக்கு நான் பரிந்துரைப்பது இது. 10ஐத் தாண்டினால் அந்த மேசையின் உறிஞ்சியையும் அந்தப் பிரிவின் சுத்தத்தையும் ஒரு வாரத்துக்குள் சோதியுங்கள். ஒரே பிரிவில் மூன்று நான்கு பேருக்கு எண் ஏறினால் கை கழுவும் பேச்சை நிறுத்திவிட்டுக் காற்றோட்டத்தைப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் ஏறி, பக்கத்தில் நிற்பவருக்கு ஏறாவிட்டால் அப்போது அவருடைய கவசப் பொருத்தம், புகைப்பழக்கம், மிகைநேரம், வீட்டில் வேறு ஈய வேலை ஆகியவற்றைக் கனிவாகக் கேளுங்கள். 20ஐத் தாண்டியவரை மருத்துவர் பார்க்க வேண்டும். 30ஐ எட்டியவரை ஈயமில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும். ஓஷாவின் 1978 விதியில் ஒரு பரிசோதனையிலும் அதை உறுதிசெய்யும் மறுபரிசோதனையிலும் 60, அல்லது சராசரியில் 50 வந்தால்தான் மாற்றம். அந்த எண்களுக்காகக் காத்திருப்பது தீங்கு நேர்ந்தபின் கணக்கெடுப்பதாகும். ஆனால் அதே விதியில் பின்பற்றத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. மாற்றப்பட்டவரின் ஊதியமும் பணிமூப்பும் 18 மாதம்வரை குறையக்கூடாது. இந்த உறுதி இல்லாத ஆலையில் தொழிலாளர் பரிசோதனையைத் தவிர்ப்பார்கள். சம்பளம் குறையுமென்று தெரிந்தும் உண்மையான எண்ணைக் காட்ட வேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

எண் ஏறியவரை வெளியே எடுத்து, அவர் இடத்தில் எண் குறைந்த இன்னொருவரை நிறுத்திச் சுழற்சி முறையில் ஓட்டும் தந்திரம் பரவலாக உண்டு. இதனால் அறிக்கைகள் அழகாகும். ஆலையில் உள்ள ஈயம் ஒரு கிராமும் குறையாது; முன்பு பத்துப் பேர் எலும்பில் படிந்தது இப்போது முப்பது பேர் எலும்பில் படியும்.

ஒன்பதாம் படி: உடல்நலம் கெட்டால்

அடிக்கடி அடிவயிற்றை முறுக்கும் வலி, விடாத மலச்சிக்கல், சோர்வு, தலைவலி, எரிச்சல், தூக்கக் கேடு, மூட்டு வலி, வாயில் உலோகச் சுவை ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். எண் மிக உயர்ந்து நீடித்தால் மணிக்கட்டைத் தூக்க முடியாமை, ஈறோரத்தில் நீலம்படர்ந்த கறுப்புக்கோடு, இரத்தசோகை, சிறுநீரகப் பாதிப்பு, வலிப்பு என்று போகும். இவற்றில் எதுவும் ஈயத்துக்கு மட்டுமே உரியதல்ல என்பதால், வெளியில் மருத்துவரைப் பார்க்கும்போது "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லாமல், "நான் பேட்டரி ஆலையில் தட்டு அடுக்குகிறேன், கடைசியாக வந்த ஈய அளவு இது" என்று அறிக்கையைக் காட்டுங்கள். ஈய வயிற்றுவலியைக் குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவைச் சிகிச்சைவரை போனதுண்டு.

ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் சக்சைமர், கால்சியம் டைசோடியம் இடிடிஏ போன்ற மருந்துகள் உண்டு. அளவு மிக உயர்ந்தவருக்கும், கடுமையான அறிகுறி உள்ளவருக்கும் நிபுணர் கண்காணிப்பில் தர வேண்டியவை அவை. எண்ணை இறக்கிக் காட்டுவதற்காக வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இவற்றைக் கொடுப்பதை ஓஷா விதி வெளிப்படையாகத் தடை செய்கிறது. சிறுநீரகத்துக்கும் அது கேடு. பால் குடித்தால் ஈயம் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வேளைக்குச் சாப்பிடுவதும், இரும்பும் சுண்ணாம்பும் குறையாத உணவும் ஈயம் உறிஞ்சப்படுவதைக் குறைக்க உதவும். உள்ளே போன ஈயத்தை அவை வெளியே எடுப்பதில்லை. தம்ளர் பாலைக் கொடுத்துவிட்டு உறிஞ்சி வாங்குவதைத் தள்ளிப்போடும் நிர்வாகத்திடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பத்தாம் படி: குடும்பம், கருவுறுதல், வேலையை விடும் நாள்

ஈயம் தொப்புள்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். கருவுற்றவரின் எலும்பு சுண்ணாம்புக்காகக் கரையும்போது பழைய ஈயமும் சேர்ந்து வெளிவரும். கருவுற்றவரும் பாலூட்டுபவரும் ஊதியக் குறைவின்றி ஈயப் பிரிவுக்கு வெளியே வேலை பெற வேண்டும். இதைச் சாக்காக வைத்துப் பெண்களை வேலைக்கே எடுக்காமல் இருப்பது தீர்வாகாது. உயர்ந்த ஈய அளவு ஆண்களின் விந்தணு எண்ணிக்கையையும் தரத்தையும் பாதிக்கிறது. குழந்தை பெறத் திட்டமிடும் ஆணும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளின் குடல் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு ஈயத்தை உறிஞ்சும், அவர்கள் மூளை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்து, தொழிலாளியின் எண் உயர்ந்திருந்தால், குழந்தைக்கும் பரிசோதனை செய்யுங்கள். வண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஆலையின் காலிப் பெட்டி, பை, பழைய தட்டு எதையும் வீட்டு உபயோகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மிச்சநேரத்தில் வீட்டு முற்றத்தில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது, ஆலையில் செய்த பாதுகாப்பு அனைத்தையும் ஒரே மாலையில் இல்லாமலாக்கிவிடும்.

ஒவ்வொரு இரத்த அறிக்கையின் நகலும் எழுத்தில் தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். ஓஷா விதியில் அதற்கான கெடு, முடிவு வந்ததிலிருந்து ஐந்து வேலை நாள். காற்று அளவீட்டு முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள். வேலையை விடும்போது கடைசியாக ஒருமுறை இரத்தம் கொடுத்துவிட்டு, சேர்ந்த நாள்முதலான எல்லா எண்களையும், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு என்ற விவரத்தோடு எடுத்துப்போங்கள். நெடுநாள் படுக்கையில் கிடக்க நேர்ந்தாலும், எலும்பு முறிந்தாலும், மாதவிடாய் நின்று எலும்பு தேயத் தொடங்கினாலும் பழைய ஈயம் மீண்டும் இரத்தத்துக்கு வரக்கூடும். இருபது ஆண்டு கழித்து இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ சிகிச்சை அளிக்கப்போகும் மருத்துவருக்கு அந்தத் தாள்கள் தேவைப்படும்.